இரட்டைப் பொறி விமானமும் இருவழிக் காப்பும்

மேல்காற்று வீசும் நாட்களில் மாலைப்பொழுதிற் சாந்தோம் கடற்கரையிலேனும் அடையாற்றின் கழிமுகத்திலேனும் நிற்போர், விமானங்கள் கடலின் மேலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்து வந்து, கோட்டூர்புரம், கிண்டி முதலிய இடங்களைக் கடந்து மீனம்பாக்கத்தை நோக்கிச் செல்லுதலைக் காண்பர். அவற்றுட் பெரும்பாலன சிறகுக்கு ஒன்றாக இரண்டு பொறிகளையே உடையன. ஒரு தலைமுறைக்கு முன்னர்ப் பெருங்கடல் கடந்து செல்லும் விமானங்கள் பல நான்கு பொறிகள் உடையனவாயிருந்தன. இன்றோ இலண்டன் மாநகர் செல்வனவும் பெரும்பாலும் இரண்டுடனேயே செல்கின்றன. நம் கல்லூரியிற் பயின்று அயல்நாடுகளில் வாழும் அன்பர் பலர் இவ்விரண்டையே நம்பி வந்து போகின்றனர்.

2025 ஜூன் 12ஆம் நாள், அகமதாபாத்திலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா 171 என்னும் விமானம், எழுந்த அரை நிமிடத்தில் வீழ்ந்தது. அதிலிருந்த 242 பேரில் ஒருவரே பிழைத்தார்; தரையில் இருந்தோரும் 19 பேர் மாண்டனர். அச்செய்தியைக் கேட்ட மாலையில் எம் பாட்டியார் எம்மை நோக்கி, “இரண்டு இஞ்சின் உண்டே அப்பா, இரண்டுமா ஒரே நேரத்தில் நின்றுபோகும்?” என்று வினவினார். தமிழ் பயிலும் மாணவராகிய எமக்கு அப்போது விடை கூற இயலவில்லை. அவ்வினாவின் பின்னே சென்று யாம் கற்றவற்றை எம்போன்ற பிற துறை மாணவரும் அறிதல் நன்றென்று கருதி இக்கட்டுரையை வரையலானோம்.

முதலில் விமானப் பொறி இயங்கும் முறையைச் சுருங்கக் கூறுவோம். முன்னுள்ள விசிறி காற்றை உள்ளிழுக்கும்; அதன் ஒரு பகுதி அமுக்கியினுட் சென்று நெருக்கமுறும்; எரியறையில் எரிபொருளொடு கலந்து எரியும்; எரிந்த வாயு சுழலியைச் சுழற்றிக்கொண்டு பின்புறமாக வெளியேறும். அச்சுழலியே அமுக்கியையும் விசிறியையும் சுழற்றுவது. ஆகவே பொறி தன்னைத் தானே ஊட்டி வாழும் ஓர் உயிர் போல்வது. அதற்கு வேண்டிய எரிபொருளின் அளவே அதன் வாழ்வும் சாவும். மிகுதியாக ஊட்டின் சுழலியின் இதழ்கள் வெப்பத்தாற் கெடும். விரைந்து ஊட்டின் அமுக்கியிற் காற்றோட்டம் தடுமாறிப் பின்னோக்கிப் பாயும். குறைத்து ஊட்டின் சுடர் அவியும். அன்றியும் தரையில் வேண்டும் அளவு வேறு. 35,000 அடி உயரத்தில், நீர் உறையும் நிலைக்கும் மிகத் தாழ்ந்த குளிரில் வேண்டும் அளவு வேறு.

முற்காலத்தில் இவ்வளவைக் கணித்தவை சுருள்வில்லும் நெம்புகோலும் சுழலும் எடைக்குண்டும் எண்ணெய் அழுத்தமும் கூடிய இயந்திர அமைப்புக்களே. அவை வியத்தகு நுட்பம் வாய்ந்தன. எனினும் வெப்பமும் வேகமும் எல்லை மீறாவண்ணம் மானிகளை நோக்கிக் கைப்பிடியை அளந்து நகர்த்தும் பொறுப்பு விமானியினுடையதாகவே இருந்தது. 1980க்குப் பின்னர் அப்பொறுப்பைக் கணினி ஏற்றது. 1984இற் பயணிகளை ஏற்றத் தொடங்கிய பிராட் அண்ட் விட்னி 2037 என்னும் பொறி இத்துறையில் முன்னோடி. 1988இற் சேவைக்கு வந்த ஏர்பஸ் 320 இம்முறையை உலகெங்கும் பரப்பிற்று. இதனைப் பொறியாளர் ‘ஃபேடெக்’ என்பர். ‘முழு அதிகாரமுடைய இலக்கமுறைப் பொறிக் கட்டுப்பாடு’ என்று நாம் அதனைச் சொல்லலாம். முழு அதிகாரம் என்றது என்னை? விமானியின் கைப்பிடி எரிபொருளை நேரே திறப்பதன்று. ‘இவ்வளவு உந்துவிசை வேண்டும்’ என்று கேட்பதே அதன் தொழில். கொடுப்பது கணினி. இடையே கம்பியும் வில்லும் இல்லை. கணினி தவறின் விமானி கையாற் பற்றித் திருத்துதற்கு வேறு வழியும் இல்லை.

இத்துணை அதிகாரத்தை ஒரு கணினிக்கு அளித்தல் அஞ்சத்தக்கதன்றோ எனின், அதன்பொருட்டே காப்பு இரட்டிக்கப்பட்டது. ஒவ்வொரு பொறியின் கட்டுப்பாட்டுப் பெட்டியினுள்ளும் தனித்தனிக் கணினிகள் இரண்டு உள்ளன. அவற்றை ‘ஏ’ வழி, ‘பி’ வழி என்று வழங்குவர். சுழற்சி வேகம், வெப்பம், அழுத்தம் ஆகியவற்றை உணரும் கருவிகளுள் இன்றியமையாதன ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியே உண்டு. எரிபொருள் அடைப்பானை அசைக்கும் சிறு மின்னியக்கியும் இரண்டு கம்பிச்சுருள்கள் உடையது. ஒன்று ஏ வழியின் ஆணை கேட்கும், மற்றொன்று பி வழியின் ஆணை கேட்கும். இரு வழிகளும் எந்நேரமும் கணித்துக்கொண்டேயிருக்கும். ஆயினும் ஆணையிடுவது ஒன்றே. ஆள்வது தளர்ந்தவுடன் மற்றது ஏற்கும். இருக்கையில் அமர்ந்த பயணி அதனை உணரவே மாட்டார்.

மயிலாப்பூரிற் பங்குனிப் பெருவிழாவிற் கபாலீசுவரர் வீதியுலா வருங்கால் முன் செல்லும் நாதசுரக்காரர் இருவரை நோக்கினோர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஒருவர் மூச்சு வாங்க மற்றவர் இராகத்தை ஏந்திச் செல்வார். கேட்போர் செவியில் இசை அறுவதில்லை. வாளாவிருப்பவரும் உண்மையில் வாளாவிருப்பதில்லை. உள்ளத்தில் உடன் வாசித்துக்கொண்டேயிருக்கின்றார். அன்றேல் ஏற்கவேண்டிய இடத்தில் ஏற்க இயலுமோ? பொறியைக் கிளப்புந்தோறும் ஆளும் வழியை ஏயும் பியுமாக மாற்றிக்கொள்ளும் அமைப்புக்களும் உண்டு. வேலையின்றிக் கிடப்பது பழுதுற்றதை ஒருவரும் அறியார். பழுதறியாத காப்பு காப்பன்று என்னும் நுண்ணறிவே அதன் காரணம்.

இன்னும் ஒன்று. இக்கணினிகளுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகின்றது? பொறி ஓடத் தொடங்கியபின், அப்பொறியே சுழற்றும் ஒரு சிறு மின்னாக்கியிலிருந்து வருகின்றது. விமானத்தின் பொது மின்சாரம் முழுதும் அற்றாலும் பொறியின் கணினி அறாது. பொறி சுழலுமளவும் அதன் அறிவும் விழித்திருக்கும். இடப்பொறியின் கணினி வலப்பொறியின் கணினியைச் சார்ந்திராமையும் நோக்கத்தக்கது. ஒரு பொறியிலுள்ள கேடு மற்றதனை எட்டாதிருத்தற்கே இவ்வேற்பாடு. எனவே இரட்டைப் பொறி விமானத்தில் நான்கு கணினி வழிகள் இரண்டிரண்டாக நின்று காக்கின்றன.

இனிக் கணக்கிற்கு வருவோம். கட்டுப்பாட்டு அமைப்பின் பழுதால் ஒரு பொறி தன் விசையின் ஆளுகையை இழத்தல், ஒரு லட்சம் மணி நேரப் பறப்பில் ஒரு முறைக்கு மேற்படலாகாது என்பது பொறியாளர் கொண்ட அளவுகோல். இரு பொறிகளும் ஒன்றையொன்று சாராதன எனின், குறித்த ஒரு மணி நேரத்தில் இரண்டும் அவ்வாறு பழுதுறுதல் லட்சத்தை லட்சத்தாற் பெருக்கிய தொகையில், அஃதாவது ஆயிரங்கோடியில் ஒரு முறையே நிகழக்கூடும். பாட்டியார் வினவியதும் இதுவே: இத்துணை அரிதாயது எங்ஙனம் நிகழும்?

விடை அக்கணக்கினுள்ளேயே ஒளிந்துள்ளது. ‘சாராதன எனின்’ என்ற ஒரு சொல்லே இப்பெருக்கல் முழுவதையும் தாங்கி நிற்கும் தூண். அத்தூண் சாயின் ஆயிரங்கோடியும் சாயும்.

இவ்வுண்மை தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. பெசன்ட் நகரில் உள்ள டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்தில் ஏட்டுச்சுவடிகள் பேணப்பெறுகின்றன. 1887இற் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த ஐயரவர்கள் ஊரூராகச் சென்று பிரதிகளைத் தேடியது எதன்பொருட்டு? ஒரு பிரதியிற் சிதைந்த பாடத்தை மற்றொன்று காக்கும் என்பதன்பொருட்டே. ஆயின் பத்துச் சுவடிகள் கிடைப்பினும், பத்தும் ஒரே தாய்ச்சுவடியைப் பார்த்து எழுதப்பட்டனவாயின், தாயிலுள்ள பிழை பத்திலும் இருக்கும். அவை எண்ணாற் பத்து; சான்றால் ஒன்றே. வேறு ஊரில், வேறு வழியில் வந்த ஒரு பிரதி அப்பத்தினும் பெறுமதியுடையது. விமானத்தின் இரு பொறிகளும் ஒரே தொழிற்சாலையில் ஒரே வரைபடத்தின்படி செய்யப்பட்டு, ஒரே நிரலை ஏற்று, ஒரே எரிபொருளை உண்டு, ஒரே வானிற் செல்வன. அவை எத்துணைக்குத் தாய்வேறான பிரதிகள் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. நிரலில் ஒரு பிழை இருப்பின் நான்கு வழிகளிலும் அப்பிழை இருக்கும். இரட்டித்தலால் அதனைப் போக்க முடியாது. ஆதலாலேயே அந்நிரலை எழுதுவோர்க்கும் சோதிப்போர்க்கும் மிகக் கடுமையான விதிகள் வகுக்கப்பட்டுள்ளன.

சில நிகழ்ச்சிகளை நோக்குவோம். 1976 அக்டோபர் 12ஆம் நாள் பம்பாயிலிருந்து நம் சென்னைக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல் விமானம், வாலருகே இருபுறமும் பொறிகள் உடையது. எழுந்த சிறிது நேரத்தில் வலப்பொறியின் அமுக்கியிலுள்ள வட்டத்தகடு நாட்பட்ட விரிசலால் உடைந்தது. இடப்பொறி நன்றாயிருந்தது, விமானி திரும்பி இறங்க முயன்றார். ஆயினும் சிதறிய துண்டுகள் எரிபொருட் குழாயை அறுத்தன, தீ மூண்டது, விமானத்தைத் திருப்புதற்குரிய நீரழுத்த எண்ணெயும் வெளியேறிற்று. நிலத்தை அணுகும் வேளையில் ஆளுகை அற்று விமானம் வீழ, 95 பேரும் மாண்டனர். ஒரு பொறி கெட்டதனால் அவர்கள் இறந்தாரல்லர்; அதன் கேடு தன் எல்லையைக் கடந்ததனால் இறந்தனர். காப்புக்கள் இரண்டாயிருத்தல் போதாது. ஒன்றன் தீ மற்றதனைத் தீண்டாதவாறு இடையே சுவர் வேண்டும்.

2008 ஜனவரி 17ஆம் நாள் பெய்ஜிங்கிலிருந்து இலண்டன் வந்த போயிங் 777 விமானத்தின் இரு பொறிகளும் இறங்கும் தறுவாயில் ஒருங்கே விசை குன்றின. இரு கணினிகளும் பிழையின்றியே பணி செய்தன. விசை குறைவதை உணர்ந்து அடைப்பானை முழுதும் திறந்தன. திறந்தும் எரிபொருள் வரவில்லை. நெடுந்தூரக் குளிரில் எரிபொருளிலிருந்த நீர் பனிக்கட்டியாகி இரு பொறிகளின் வெப்பமாற்றிகளையும் அடைத்துக்கொண்டது. ஓடுதளத்திற்கு முன்னர்ப் புற்றரையில் வீழ்ந்தும் 152 பேரும் உயிர் பிழைத்தது நற்பேறே. பொறி இரண்டு, கணினி இரண்டு, குளிரோ ஒன்று.

நம் நாட்டிலும் இப்பாடம் சட்டமாயிற்று. ஏர்பஸ் 320 நியோ விமானங்களில் வந்த புதிய பொறிகளில் அமுக்கியின் ஓர் உறுப்புப் பழுதுற்றபோது, அவ்வகைப் பொறிகள் இரண்டு ஒரே விமானத்தில் இருத்தலாகாதென்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 2018 பிப்ரவரியில் ஆணையிட்டது. மார்ச் 12ஆம் நாள் இந்தியச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அத்தகைய 11 விமானங்களைத் தரையில் நிறுத்திவைத்தது. மறு ஆண்டிற் சுழலியில் வேறொரு குறை தோன்றியபோது, விமானம் ஒவ்வொன்றிலும் ஒரு பொறியேனும் திருத்தம் பெற்றதாக இருத்தல் வேண்டும் என்று முதலிற் பணித்தது. இதன் கருத்தைக் காண்க: இரு நோயாளரை ஒரே நுகத்திற் பூட்டாதே; ஒருவனையேனும் நலமுற்றவனாக வை.

ஈண்டு எம் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கூறுதல் பொருந்தும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டபோது யாம் கோட்டூர்புரத்தில் வசித்தோம். எமக்கு அகவை ஒன்பது. மின்சாரம் அற்றது. ‘நமக்கென்ன குறை, மாடிப்படியின் கீழ் இன்வெர்ட்டர் உண்டு, அதுவும் போனால் வண்டி நிறுத்துமிடத்தில் ஜெனரேட்டர் உண்டு’ என்றிருந்தோம். நீர் புகுந்து ஒரு மணி நேரத்திற்குள் இரண்டையும் மூழ்குவித்தது. இரண்டு இருந்தன, இரண்டும் ஒரே தரையில் இருந்தன. இளைப்பு நோயுடைய பாட்டியாரை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிச் சென்றோம். அவ்விரவை எங்களுக்குக் கழித்துத் தந்தவை மாடி அலமாரியிற் கிடந்த ஒரு மெழுகுவர்த்தியும் பனையோலை விசிறியுமே. அவை சிறியன, ஆயினும் வெள்ளத்தைச் சாராதன. அந்நாட்களில் மீனம்பாக்கம் விமான நிலையமே நீர் சூழ்ந்து மூடப்பட்டிருந்தது.

விமானத்திலும் அத்தகைய மெழுகுவர்த்தி ஒன்று உண்டு. பெரிய விமானங்களின் அடிவயிற்றில் மடங்கிக் கிடக்கும் ஒரு சிறு காற்றாடி, இரு பொறிகளும் அவிந்தால் வெளியே நீண்டு, எதிர்க்காற்றாற் சுழன்று, திசை திருப்பும் ஆற்றலையும் இன்றியமையாத மின்சாரத்தையும் தரும். அது பொறியையும் சாராது, எரிபொருளையும் சாராது. விமானத்தைத் தூக்கும் விசையை மட்டும் அதனால் தர இயலாது. மெழுகுவர்த்தி வெள்ளத்தை வற்றச் செய்யுமோ?

நிற்க. காலமும் ஒரு காப்பு என்பதை மறத்தலாகாது. அமெரிக்க நாட்டில் 1953இல் ஏற்பட்ட விதி, இரட்டைப் பொறி விமானம் இறங்கத்தக்க நிலையத்தினின்று 60 நிமிடப் பறப்புக்கு மேல் விலகலாகாது என்றது. பொறிகள் நம்பத்தக்கனவாக வளர வளர அவ்வெல்லை 1985இல் 120 நிமிடமாகவும், 1988இல் 180 நிமிடமாகவும் விரிந்தது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். வங்கக்கடலின் நட்ட நடுவில் ஒரு பொறி நின்றாலும் முன்னும் பின்னும் 685 கிலோமீட்டரே. எஞ்சிய ஒரு பொறியோடு ஒரு மணி நேர அளவிற் கரை சேரலாம். உயரம் இருப்பின் காலம் இருக்கும்; காலம் இருப்பின் சிந்தனைக்கு இடம் இருக்கும்.

உயரமும் காலமும் இல்லாதபோது நிகழ்வது யாது? 2015 பிப்ரவரி 4ஆம் நாள் தைபே நகரில் எழுந்த ஓர் ஏ.டி.ஆர். 72 விமானத்தில், மின்னணுப் பகுதியொன்றின் பழுதால் வலப்பொறியின் சுழல்விசிறி விசை தருதலை ஒழிந்தது. இடப்பொறி நலமாகவே இருந்தது. பரபரப்பில் அந்நலமுற்ற பொறியின் கைப்பிடியே பின்னிழுக்கப்பட்டு, அதுவும் நிறுத்தப்பட்டது; 43 பேர் மாண்டனர். பொறிகள் இரண்டாயினும் அவற்றை ஆளும் மனம் ஒன்று கலங்கின் இரண்டும் ஒன்றேயாம்.

அகமதாபாத் நிகழ்ச்சி குறித்து 2025 ஜூலை 12ஆம் நாள் வெளிவந்த முதனிலை அறிக்கை தந்த காலக்கணக்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். குற்றம் யாருடையது என்று ஆராய்தல் எம் பணியன்று. விமானம் எழுந்த சில விநாடிகளில், பிற்பகல் 1 மணி 38 நிமிடம் 42 விநாடி அளவில் 180 நாட் வேகத்தை எய்திற்று. அதனை அடுத்து இரு பொறிகளின் எரிபொருள் விசைகளும் ஒரு விநாடி இடைவெளியில் ‘ஓடு’ என்னும் நிலையினின்று ‘நிறுத்து’ என்னும் நிலைக்கு மாறின. ‘ஏன் நிறுத்தினாய்’ என்று ஒரு விமானி கேட்டதும், ‘யான் நிறுத்தவில்லை’ என்று மற்றவர் விடையிறுத்ததும் ஒலிப்பதிவில் உள்ளன. காற்றாடி தானே வெளிவந்து சுழன்றது. 52ஆம் விநாடியில் முதற்பொறியின் விசையும், 56ஆம் விநாடியில் இரண்டாம் பொறியின் விசையும் மீண்டும் ‘ஓடு’ நிலைக்கு வந்தன.

அக்கணமே கணினிகள் தம் கடமையை மேற்கொண்டன. யாரும் ஏவாமலே தீப்பொறி எழுப்பி, எரிபொருளை அளந்து ஊட்டி, அவிந்த பொறிகளை உயிர்ப்பிக்கத் தொடங்கின. இரண்டிலும் சுடர் மீண்டும் பற்றியது. முதற்பொறியின் உள்வேகம் வீழ்தல் நின்று ஏறத் தலைப்பட்டது. இரண்டாவதற்குக் கணினி திரும்பத் திரும்ப எரிபொருள் ஊட்டியும் வேகத்தின் வீழ்ச்சியை நிறுத்த இயலவில்லை. 39ஆம் நிமிடம் 11ஆம் விநாடியிற் பதிவு முடிந்தது. நிறுத்தத்திலிருந்து முடிவுவரை முப்பது விநாடியும் இல்லை. 35,000 அடி உயரத்தில் இதுவே நிகழ்ந்திருப்பின் பொறிகள் மீண்டும் விசை பெறுதற்கு நிமிடங்கள் பல இருந்திருக்கும். சில நூறு அடி உயரத்தில் அவை இல்லை. அக்கணினிகள் இறுதிவரை முயன்றன என்பதை வாசித்தபோது எம் நெஞ்சு கலங்கிற்று.

ஆகவே பாட்டியாரின் வினாவுக்கு விடை இதுவாகும். இரு பொறிகளும் தத்தம் பழுதால் ஒருங்கே நிற்றல் மிக மிக அரிது; அதனை நான்கு கணினி வழிகள் காக்கின்றன. இரண்டிற்கும் பொதுவான ஒன்று கெடும்போதே இரண்டும் நிற்கும். அப்பொதுப்பொருள் எரிபொருளாயிருக்கலாம், குளிராயிருக்கலாம், தீயாயிருக்கலாம், பொறிகளுக்கு ஆணை செல்லும் இடமாயிருக்கலாம். காப்பை ஆராய்வோன் ‘எத்தனை உண்டு?’ என்று கேட்பதோடு அமையாது, ‘இவை எதனைப் பொதுவாகச் சார்ந்துள்ளன?’ என்றும் கேட்டல் வேண்டும்.

இவ்விடையை யாம் பாட்டியாரிடம் கூறியபோது அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், “அப்படியானால் அந்த மெழுகுவர்த்தியை மாடியிலேயே வைத்திரு, கீழே கொண்டுவந்துவிடாதே” என்றார். யாம் பல நாள் நூல்களைப் புரட்டி அறிந்ததை அவர் ஒரு வெள்ளத்தில் அறிந்திருந்தார். இன்று எம் இல்லம் வேறு தெருவில், சற்றே மேட்டுநிலத்தில் உள்ளது. எனினும் அம்மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் மாடி அலமாரியிலேயே இருக்கின்றன. மாதத்திற்கு ஒரு முறை அதனை ஏற்றிப் பார்த்து அணைக்கின்றோம்.